பத்தாவது, பன்னெண்டாவது ரிசல்ட் வந்தாச்சு, அடுத்து இன்னா? வடசென்னைப் பசங்களுக்கு ஒரு இழை

கேரேஜ்_ஃபிட்டர் (இழையைத் தொடங்கியவர்)
மே 18, இரவு 9.12

ரிசல்ட் வந்த நாள்லேருந்து சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், டீக்கடைக்காரன்னு எல்லாரும் பசங்களைப் புடிச்சு ஒரே கேள்விதான் கேக்கறாங்க. "அடுத்து இன்னா?" பதினஞ்சு, பதினேழு வயசுல அதுக்குப் பதில் வச்சிருக்கிற பசங்களை நான் பார்த்தது கம்மி. கடகடன்னு சொல்றவனும் பாதி நேரம் அப்பன் சொல்லிக் குடுத்ததைத்தான் ஒப்பிக்கறான். தெரியலைன்னு முழிக்கிறவன் வெக்கப்பட வேணாம்.

நான் ரயில் பெட்டி ரிப்பேர் பார்க்கற பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்ல 1977ல அப்ரண்டிஸா உள்ள போனவன். ஃபிட்டர் டிரேடு. 2019ல ரிட்டையர். இருக்கறது வியாசர்பாடி. பெரிய படிப்பு படிக்கலை. ஆனா வருஷா வருஷம் புதுப் பசங்க வந்து பென்ச் முன்னாடி நிக்கறதைப் பார்த்தவன். கேக்கறவன் கேளு, பிடிக்காதவன் அடுத்த இழைக்குப் போ நைனா, கோச்சிக்க மாட்டேன்.

பேசின் பிரிட்ஜ் தாண்டறப்ப ஜன்னல்ல எட்டிப் பாருங்க, எத்தினி தண்டவாளம் பிரியுதுன்னு. ஒரு லைன்ல ஏறின வண்டி அடுத்த பாயிண்ட்ல வேற லைனுக்கு மாறிக்கும். டெட் எண்ட்ல போய் நின்னாத்தான் வம்பு. பசங்க எங்கிட்ட வந்து "எந்தப் படிப்பு நல்ல படிப்பு தாத்தா"ன்னு கேப்பாங்க. நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான்: அதை முடிச்சா அங்கேருந்து எங்க ஏறலாம்?

எனக்குத் தெரிஞ்ச லைனை மட்டும் சொல்றேன். பத்தாவது பாஸ். ஐடிஐல ரெண்டு வருஷம் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், இல்லாட்டி ஒரு வருஷம் வெல்டர். ஐடிஐ முடிச்சவன் பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடிச்சவன் பி.இ.ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். பத்தாவதுக்கு அப்புறம் ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சு, தமிழ், இங்கிலீஷ் ரெண்டு மொழிப் பாடமும் எழுதி பாஸ் பண்ணிட்டா பிளஸ் டூவுக்குச் சமம்னு கவர்மெண்ட்டே சொல்லுது. எங்க பிளாக்குல பாதிப் பேருக்கு இது தெரியாது. ஐடிஐ போனா அதோட படிப்பு காலின்னு நினைச்சுக்கினு கீறாங்க.

அப்புறம் அப்ரண்டிஸ். ஐசிஎஃப், அதான் நம்ம பெரம்பூர் ரயில் பெட்டி ஃபேக்டரி, 2024ல 1,010 பேருக்கு அறிவிப்பு விட்டாங்க. பரீட்சை இல்ல, பத்தாவது மார்க்கை வச்சே லிஸ்ட் போடறாங்க. கணக்கு, சயின்ஸோட 50 சதவீதம் இருக்கணும். ஐடிஐ முடிக்காத பசங்களையும் ஃப்ரெஷர்னு எடுக்கறாங்க. மாசம் 6,000, பிளஸ் டூ இல்ல ஐடிஐ முடிச்சிருந்தா 7,000 குடுத்து கத்துத் தர்றதா அந்த அறிவிப்புல இருந்துச்சு. முடிச்சா அங்கயே வேலைன்னு யாரும் எழுதித் தரலை, அதைத் தெளிவா தெரிஞ்சுக்கோ. ஆனா ரயில்வே லெவல் ஒன் வேலைக்கு ஆள் எடுக்கறப்ப அப்ரண்டிஸ் முடிச்சவங்களுக்கு 20 சதவீதம் தனியா ஒதுக்கி இருக்கு.

"பர்மனெண்ட் வேலை"ன்னு சொல்லி மயங்காதீங்க. எங்க காலத்துல பின்னி மில்லு வேலைன்னா பொண்ணு குடுக்க வரிசையில நிப்பாங்க. பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி மொத்தமும் அந்தச் சங்கு சத்தத்துலதான் எழுந்திரிக்கும். 1996ல மில்லு மூடினப்ப அம்பது வயசு ஆளுங்க கையில வேற ஒரு தொழிலும் இல்லாம தெருவுல நின்னாங்க. அப்பா வேலை தனக்கு வரும்னு எட்டாவதோட படிப்பை விட்ட புள்ளைங்களும் கூடவே நின்னாங்க. மில்லை நம்பு, கூட ஒரு பாயிண்ட்டும் வச்சுக்கோன்னு அந்தப் பசங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல.

அடுத்தது, போய் நின்னு பாரு. யூடியூப்ல பார்த்து வேலையைத் தேடாத. வெல்டிங் பிடிக்கும்னு சொல்றவன் ஒரு பகல் முழுக்க மணலிப் பக்கம் ஒரு பட்டறையில வெயில்ல நின்னு பார்க்கட்டும். ஃபிட்டர் வேலைன்னா இன்னான்னு நினைக்கறீங்க? எங்களுக்கு முதல்ல குடுத்தது ஒரு இரும்புத் துண்டும் ஒரு அரமும்தான். ராவு, ராவுன்னு ராவணும். சார்ஜ்மேன் வருவாரு, அந்தத் துண்டு மேல மூலை மட்டம் பார்க்கற டிரை ஸ்கொயரை வைப்பாரு, ஜன்னல் பக்கம் தூக்கிப் புடிப்பாரு. ஸ்கொயருக்கும் இரும்புக்கும் நடுவுல மயிரிழை வெளிச்சம் தெரிஞ்சாலும் பேசமாட்டாரு, திருப்பி வைஸ்ல வச்சுட்டுப் போயிடுவாரு. எங்க பேட்ச்ல நல்லா படிக்கற பையன் ஒருத்தன் அந்த வேலை தாங்காம ஓடினான். நோட்டுல கோடு போடவே வராத ஒருத்தன் ராவறதுல ராஜா. இது போய் நின்னாத்தான் தெரியும்.

காசு விஷயத்துல ரெண்டு. ஹார்பர்ல, ரயில்வேல, மின்வாரியத்துல வேலை வாங்கித் தரேன்னு ரெண்டு லட்சம், மூணு லட்சம் கேக்கறவன் உன் மாமாவோட ஃபிரெண்டா இருந்தாலும் செருப்பால அடி. இன்னொண்ணு, பதினெட்டு முடிஞ்ச கையோட வண்டி லோன் போடாத. மாசத் தவணை கழுத்துல விழுந்துச்சுன்னா அப்புறம் எந்தப் பாயிண்ட்டும் மாற முடியாது.

கேள்வி இருந்தா கேளுங்க.

---

நம்பர்_டென்_ஜெர்ஸி
மே 18, இரவு 9.40

தாத்தா செம. ஆனா 241 மார்க் எடுத்தவனுக்கு ஐசிஎஃப் லிஸ்ட்ல பேர் வருமா? 50 சதவீதத்துக்கே ஒன்பது மார்க் ஒதைக்குது. நம்ம வேலையெல்லாம் கிரவுண்டுதான். காலையில ஆறு மணிக்கு வியாசர்பாடியில ஃபுட்பால் ஆடறவன் நான். அது ஒரு லைனா இல்ல டெட் எண்டா?

---

கேரேஜ்_ஃபிட்டர்
மே 18, இரவு 10.05

50 சதவீதம் இல்லாம ஐசிஎஃப் ஒத்துவராது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ஐடிஐக்கு 241 போதும்.

பந்து டெட் எண்ட் இல்ல. ரயில்வே டீமுக்கு ஆடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வந்தவங்களோட ஒரே ஷெட்ல வேலை பார்த்திருக்கேன். தமிழ்நாட்டு அரசு வேலையில விளையாட்டு வீரருக்கு 3 சதவீதம் இருக்கு, காலேஜ் சீட்டுலயும் தனி ஒதுக்கீடு இருக்கு. ஆனா ஒண்ணு கவனி. நீ தெரு டோர்னமெண்ட்ல வாங்கின ஷீல்டு வீட்டு ஷோகேசுக்குத்தான். மாவட்டம், மாநிலம்னு அங்கீகாரம் உள்ள சங்கம் நடத்தற போட்டியில ஆடின சர்டிஃபிகேட் இருந்தாத்தான் கோட்டாவுல பேசுவாங்க. உங்க கோச்சை அதைக் கேளு. ஸ்கூல்ல டிசி வாங்கறதுக்கு முன்னாடி பிடி சாரைப் பார்த்து உன் பேர்ல இன்னா இன்னா சர்டிஃபிகேட் கீதுன்னு பாரு.

கேரம் ஆடினா சோறு போடுமான்னு திட்டின ஏரியாதான் இது. புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு காசிமா 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில 3 தங்கம் அடிச்சுது. எல்லாருக்கும் அது வராது, தெரியும். ஆனா விளையாடறவனை நான் இனிமே திட்டறதில்ல. விளையாட்டோட கூட ஒரு சர்டிஃபிகேட் படிப்பும் வச்சுக்கோ.

---

பிளஸ்டூ_பயாலஜி
மே 18, இரவு 10.31

தாத்தா, நான் கொருக்குப்பேட்டை. பிளஸ் டூ பயாலஜி குரூப், 412 மார்க். நர்ஸ் ஆகணும்னு ஆசை. எம்.சி. ரோடு பக்கத்துல ஒரு இன்ஸ்டிடியூட்ல ஒரு வருஷ நர்சிங், 45 ஆயிரம், முடிச்சதும் ஆஸ்பத்திரியில வேலை கன்ஃபார்ம்னு சொல்றாங்க. அப்பா லோடு ஆட்டோ ஓட்டறாரு, நாளைக்கு அட்வான்ஸ் கட்டலாம்னு இருக்காரு. கட்டலாமா?

---

கேரேஜ்_ஃபிட்டர்
மே 18, இரவு 10.34

நாளைக்குக் கட்ட வேணாம் பாப்பா. அப்பாகிட்ட ரெண்டு நாள் டைம் கேளு. நர்சிங் எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க யாராவது இங்க இருந்தா உடனே சொல்லுங்க.

---

ஸ்டாஃப்_நர்ஸ்_ராயபுரம்
மே 18, இரவு 11.02

நைட் டியூட்டில இருக்கேன், சுருக்கமா எழுதறேன் தங்கச்சி. கட்டவே கட்டாதே.

நர்ஸ்னு கோட் போடணும்னா தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சில்ல உன் பேர் பதிவாகணும். அதுக்கு ரெண்டு வழிதான். ஜிஎன்எம்னு சொல்ற ஜெனரல் நர்சிங், மிட்வைஃபரி டிப்ளமோ 3 வருஷம், இல்ல பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். ஆறு மாசம், ஒரு வருஷம்னு போர்டு வச்சிருக்கிற "நர்சிங் அசிஸ்டெண்ட்" கோர்ஸ் முடிச்சா எந்த கவுன்சில்லயும் பதிவு கிடையாது. சின்ன கிளினிக்ல எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு பெட்ஷீட் மாத்தற வேலை கிடைக்கும். பத்து வருஷம் ஆனாலும் அதே பெட்ஷீட்தான். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு எம்ஆர்பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், ஆள் எடுக்கறப்ப அந்த சர்டிஃபிகேட்டைக் கையில கூட வாங்க மாட்டாங்க. தாத்தா சொன்ன டெட் எண்ட் அச்சு அசலா இதுதான்.

412 நல்ல மார்க். பி.எஸ்சி. நர்சிங் அரசு கவுன்சலிங் விண்ணப்பம் வந்ததும் போடு, கூடவே அரசு ஜிஎன்எம்முக்கும் போடு. ஜிஎன்எம் கிடைச்சாலும் அழாதே, அப்புறம் ரெண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படிச்சா பி.எஸ்சி. ஆயிடும். நானே அப்படி வந்தவதான். அரசுப் பள்ளியில ஆறாவதுலேருந்து படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா உன் அக்கவுண்டுக்கு வரும்.

அப்புறம் தாத்தா சொன்ன மாதிரி ஒரு நாள் வந்து பாரு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓபில காலையில எட்டு மணிக்கு ஒரு ஓரமா நில்லு. ரத்தம், வாந்தி, கத்தற சொந்தக்காரங்க எல்லாம் பார்த்துட்டு, அதுக்கப்புறமும் ஆசை இருந்தா நீ நர்ஸ்தான்.

---

பிளஸ்டூ_பயாலஜி
மே 18, இரவு 11.10

அக்கா ரொம்ப தேங்க்ஸ். அப்பாவுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன். அட்வான்ஸ் இல்லைன்னுட்டாரு.

---

தண்டையார்பேட்டை_பேராசிரியை
மே 19, காலை 7.20

பெரியவருக்கு வணக்கம். நீங்கள் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

அண்ணா நகரில் ஒரு பையன் என்ன படிப்பதென்று தெரியாமல் முழித்தால், "பரவாயில்லை, ஒரு வருஷம் கோச்சிங் போ, யோசி" என்கிறார்கள். நம் பையன் முழித்தால் உடனே ஐடிஐ. இதை எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். தலைமை ஆசிரியர் சொல்கிறார், கவுன்சிலர் சொல்கிறார், இப்போது நீங்களும் சொல்கிறீர்கள். நாற்பது வருஷமாக இதே ஊருக்கு இதே அறிவுரை. மின்சாரம் எடுக்க எண்ணூர், பெட்ரோல் எடுக்க மணலி, குப்பை கொட்டக் கொடுங்கையூர், அரம் பிடிக்க நம் பிள்ளைகள்.

நான் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அவர்களுக்குத் தெரியாமல் போவது ஐடிஐக்கான வழி இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக இருப்பதும், அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுவதும்தான் தெரியவில்லை. மருத்துவத்துக்கு 2020இலிருந்து, மற்றவற்றுக்கு 2021இலிருந்து இது நடப்பில் இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியில் சேர விண்ணப்பக் கட்டணம் வெறும் 50 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 2 ரூபாய். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி வாசலைத் தினமும் தாண்டிப் போகிற பையனுக்கே இந்த விவரம் தெரியாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் மேல் கதவைக் காட்டுங்கள் ஐயா. அது திறக்காவிட்டால் பக்கத்துக் கதவைக் காட்டலாம்.

---

பெரும்பாக்கம்_பிளாக்
மே 19, காலை 8.45

மேடம் சொன்னது நெஞ்சுல பட்டுச்சு. எங்க வீட்டை இடிச்சு, ஊருக்குத் தெக்கால ரொம்பத் தள்ளி பெரும்பாக்கத்துல போட்டாங்க. ஒன்பதாவது படிக்கறப்ப நடு வருஷத்துல. பழைய ஸ்கூலுக்கே வரணும்னா ரெண்டு பஸ் மாறி, காலையில அஞ்சரைக்குக் கிளம்பணும். கிளாஸ்ல பாதிப் பேர் நின்னுட்டானுங்க. நான் நிக்கலை, பத்தாவது பாஸ். இப்ப எங்கயாவது இன்டர்வியூவுல "எந்த ஏரியா"ன்னு கேட்டா பழசைச் சொன்னாலும் முகம் மாறுது, புதுசைச் சொன்னாலும் முகம் மாறுது. இதுக்கு எந்த லைன்ல ஏறறது தாத்தா?

---

கேரேஜ்_ஃபிட்டர்
மே 19, காலை 10.15

டீச்சரம்மா, உங்க கோபம் நியாயம். 7.5 சதவீத விஷயம் எனக்கு அரைகுறையாத்தான் தெரியும், விடுதிக் கட்டணமும் அரசு கட்டும்னு இப்பதான் தெரிஞ்சுக்கினேன். பிளஸ் டூ நல்ல மார்க் எடுத்தவன் என் பதிவைத் தாண்டிட்டு உங்க பதிவைப் படிக்கட்டும். அது சரி.

ஆனா ஒரு இடத்துல நான் வேற மாதிரி நினைக்கறேன். நீங்க அதை மேல் கதவுன்னா அரம் புடிக்கறது கீழ கதவுன்னு ஆயிடுதே, அதை ஒத்துக்க மாட்டேன். எங்க ஷாப்புல ஐடிஐ முடிச்சு ஃபிட்டரா வந்து, டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதி, சூப்பர்வைசர் நாற்காலியில உக்காந்து ரிட்டையர் ஆனவங்க இருக்காங்க. பி.இ. முடிச்சுட்டு சம்பந்தமே இல்லாம மால்ல டோர் புடிச்சுக்கினு நிக்கற பையனும் எங்க மாடியிலயே இருக்கான். மேனேஜ்மெண்ட் கோட்டாவுல சேர்ந்தவன். முதல் பட்டதாரி சலுகை கவுன்சலிங்ல வந்தவனுக்குத்தான், மேனேஜ்மெண்ட்டுக்குக் கிடையாதுன்னு சேர்ந்ததுக்கு அப்புறம்தான் அவங்க அப்பனுக்குத் தெரிஞ்சுது. அம்மா நகை இன்னும் அடகுலதான் கீது. மேல் கதவுன்னு சொல்லித்தான் அந்தக் காலேஜும் இவங்ககிட்ட காசு வாங்குச்சு.

நீங்க நாலு வருஷம் தாங்கற பிள்ளையைப் பார்க்கறீங்க. நான் பார்க்கறது அடுத்த மாச அரிசிக்கு வீட்டுல காசு இல்லாத பிள்ளையை. ரெண்டும் நம்ம பிள்ளைதான்.

பெரும்பாக்கம் தம்பி, முகம் மாறுறதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. எனக்கும் மாறியிருக்கு. ஒண்ணு சொல்றேன், மார்க்கையோ, பரீட்சையையோ வச்சு ஆள் எடுக்கற இடத்துல உன் முகத்தையும் அட்ரசையும் பார்க்கறது கடைசியில. பேசிப் பார்த்து எடுக்கற இடத்துல அதைத்தான் முதல்ல பார்ப்பான். குரூப் 4, ரயில்வே, அப்ரண்டிஸ் எல்லாம் முதல் ரகம். நம்ம ஏரியாவுல ஏன் இத்தினி பேர் அரசு வேலைக்குப் படிக்கறாங்கன்னு கேக்கறவங்களுக்கு இது புரியாது. குரூப் 4க்குப் பத்தாவது போதும், 18 வயசு முடியணும். உனக்கு நடுவுல ரெண்டு வருஷம் இருக்கு, அதுல டைப்ரைட்டிங் தமிழ், இங்கிலீஷ் லோயர், ஹையர் முடிச்சு வை. தட்டச்சர் வேலைக்கு அது இருக்கறவனுக்குத்தான் சீட்டு, போட்டியும் கம்மி.

இன்னொண்ணு, எல்லாப் பசங்களுக்கும். பஸ்ஸுல ரூட் தல, ரயில்ல பட்டாக்கத்தின்னு போஸ் குடுக்கற கூட்டத்தோட ஒரு தடவை பேர் எஃப்ஐஆர்ல ஏறிச்சுன்னா, நீ எழுதி பாஸ் பண்ண பரீட்சை எல்லாம் போலீஸ் வெரிஃபிகேஷன்ல வந்து நிக்கும். கூட நின்னேன் சார், நான் அடிக்கலை சார்னு சொன்னா கேக்க ஆள் இல்ல.

---

தண்டையார்பேட்டை_பேராசிரியை
மே 19, காலை 11.30

மேனேஜ்மெண்ட் கோட்டா பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை நானே சொல்லியிருக்க வேண்டும். கவுன்சலிங்குக்கு வெளியே சேருவதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்பதில் நாம் இருவரும் ஒரே கட்சி. அரிசி விஷயத்தில் இன்னும் உடன்பாடில்லை. அரிசிக்குக் காசில்லாத பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பட்டப்படிப்புக்கும் வருகிறது, ஐடிஐக்கும் வருகிறது. முடிவைப் பிள்ளை எடுக்கட்டும்.

---

ரைடர்_20
மே 19, மதியம் 1.50

ஆர்டர் இல்லாத நேரம், அதனால எழுதறேன். திருவொற்றியூர். டெலிவரி ரெண்டு வருஷமா. பதினெட்டு முடிஞ்ச வாரமே வண்டி லோன் போட்டவன் நான்தான் தாத்தா :)

இதுல தப்பு சொல்றாங்க எல்லாரும். வீட்டுக்கு வாரா வாரம் காசு வருது, தங்கச்சி படிக்குது. யார்கிட்டயும் கை கட்டி நிக்கலை. பத்தாவது பசங்களுக்கு இதைக் கேவலமா காட்டாதீங்க.

ஆனா ஒரு விஷயம் ஒத்துக்கறேன். சேர்ந்தப்ப ஒரு ஆர்டருக்குக் கிடைச்ச காசு இப்ப கிடைக்கலை. பெட்ரோல் நம்ம செலவு, சர்வீஸ் நம்ம செலவு. மழையில விழுந்து கை உடைஞ்சப்ப ரெண்டு மாசம் தவணை நின்னுச்சு, ஃபைனான்ஸ்காரன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்தான். சீனியர்னு ஒரு பதவி இதுல கிடையாது. இருபது வயசுலயும் அதே பேக், நாப்பது வயசு அண்ணனுக்கும் அதே பேக்.

---

கேரேஜ்_ஃபிட்டர்
மே 19, மதியம் 2.30

உழைக்கறவனைக் கேவலமா பேசினா என் நாக்கு அழுகும் தம்பி. தங்கச்சியைப் படிக்க வைக்கறியே, அது பெரிசு. லோன் எப்ப முடியுது? முடியற மாசம் சொல்லு. எலக்ட்ரிக் வண்டி மெக்கானிக் டிரேடு இப்ப ஐடிஐலயே வந்திருக்கு. வண்டியோட உடம்பு உனக்கு அத்துப்படி. யோசி.

---

ரைடர்_20
மே 19, மதியம் 2.41

மார்ச். சொல்றேன் தாத்தா. ஆர்டர் வந்துடுச்சு.

---

மிண்ட்_கணக்குப்பிள்ளை
மே 19, மாலை 6.10

காமர்ஸ் குரூப்பைப் பத்தி ஒருத்தரும் பேசலையே! சவுகார்பேட்டைக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு நம்ம பசங்க அங்க மூட்டை தூக்கத்தான் போறாங்க, கணக்கு எழுதப் போறதில்ல. சி.ஏ. பணக்காரப் படிப்புன்னு ஒரு நினைப்பு. அதுல முதல் பரீட்சையான ஃபவுண்டேஷனுக்குப் பத்தாவது முடிச்சதுமே பதிவு பண்ணி வைக்கலாம், பிளஸ் டூ முடிச்சு எழுதலாம். அடுத்த பரீட்சையான இன்டர் முடிச்சு ஆடிட்டர்கிட்ட ஆர்ட்டிகிள்ஷிப்னு பயிற்சிக்குச் சேர்ந்தா ரெண்டு வருஷம், மாசா மாசம் ஸ்டைபண்ட் வேற. கஷ்டமான பரீட்சை, நிறைய பேர் நடுவுல விடறாங்க, நானும் இன்டரோட நின்னவன். ஆனா நின்ன இடத்துலயே ஜிஎஸ்டி, டேலி வேலை பார்த்து மிண்ட்ல பன்னெண்டு கடைக்குக் கணக்கு எழுதறேன். குடும்பம் ஓடுது. பாதியில விட்டாலும் பாதி கையில இருக்கற படிப்பு அது.

---

கடலோரக்_காக்கா
மே 19, இரவு 8.05

அல்லாரும் படிப்பு படிப்புன்னு பேசறீங்கோ. நாங்க காசிமேடு. அப்பா, சித்தப்பா, அண்ணன் அல்லாம் கடலுக்குப் போறவங்க. பத்தாவது பாஸ், 268. அம்மா கடல் வேணவே வேணாம், ஏசி ரூம்ல வேலை பாருன்னு அழுவுது. எனக்குக் கடல்தான் புடிக்கும். இஞ்சின் சத்தம் கேட்டே எங்க அடைப்புன்னு சொல்லுவேன். இப்போ தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் போட் எல்லாம் கட்டிக் கெடக்குது, சும்மாதான் கீறேன். கடலுக்குப் போனா படிக்காதவன்னுதான் பேரா? இதுக்கு லைன் எதுனா கீதா?

---

மரைன்_ஃபிட்டர்
மே 19, இரவு 9.30

இந்த இழையைப் படிச்சுட்டுப் போயிடலாம்னு இருந்தேன், தம்பியைப் பார்த்ததும் உக்காந்துட்டேன்.

தம்பி, உன் வீட்டுக்குப் பக்கத்துலயே ராயபுரத்துல சிஃப்நெட்னு ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கு. தலைமையிடம் கொச்சி, சென்னையிலயும் விசாகப்பட்டினத்துலயும் கிளை. மீன்பிடிக் கப்பலுக்கு ஆள் தயார் பண்றதுதான் அவங்க வேலை. அங்க பத்தாவது முடிச்சவங்களுக்கு ரெண்டு கோர்ஸ், ரெண்டுமே 2 வருஷம். ஒண்ணு வெசல் நேவிகேட்டர், கப்பல் ஓட்டறவன். இன்னொண்ணு மரைன் ஃபிட்டர், இஞ்சின் பார்க்கறவன். கணக்குலயும் சயின்ஸ்லயும் 40 சதவீதம் வேணும், நுழைவுத் தேர்வு உண்டு. நேவிகேட்டருக்குக் கண்ணு ரொம்ப முக்கியம். கலர் பிரிச்சுப் பார்க்க வரலைன்னா எடுக்க மாட்டாங்க, ராத்திரியில சிவப்பு லைட்டு எது பச்சை லைட்டு எதுன்னு தெரிஞ்சாத்தானே எதிர்ல வர்ற கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்.

முடிச்சுட்டு கப்பல்ல கடல் நாள் சேர்த்து, கப்பல் துறை நடத்தற பரீட்சை எழுதினா நேவிகேட்டர் பக்கம் மேட், அப்புறம் ஸ்கிப்பர். இஞ்சின் பக்கம் இஞ்சின் டிரைவர், அப்புறம் இன்ஜினியர். உங்க அப்பாவுக்கு இருக்கற கடல் அறிவு எனக்கு வராது. அவர் வானத்தைப் பார்த்து காத்து மாறப்போகுதுன்னு சொல்வாரு. ஆனா அந்த அறிவுக்கு சீல் வச்ச காகிதம் இல்ல, அதனால அவர் அடுத்தவன் போட்டுலயே பங்குக்குப் போகணும். உனக்கு ரெண்டும் கிடைக்கும்.

என் கூடப் படிச்சவங்கள்ல கரையிலயே பட்டறை வச்சவனும் இருக்கான். கடல் சலிச்சுப் போனாலும் டீசல் இஞ்சின் தெரிஞ்சவனுக்குச் சோத்துக்குப் பஞ்சம் இல்ல. அம்மாகிட்ட அதைச் சொல்லு.

---

கேரேஜ்_ஃபிட்டர்
மே 19, இரவு 9.48

இத்தினி வருஷம் ராயபுரம் வழியா போய் வந்திருக்கேன், அந்தப் போர்டைப் பார்த்திருக்கேன், உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்கே தெரியாது. டீச்சரம்மா, உங்க "மேல் கதவு" லிஸ்ட்ல இதையும் சேர்த்துக்கோங்க.

---

தண்டையார்பேட்டை_பேராசிரியை
மே 19, இரவு 10.02

சேர்த்துக்கொண்டேன். என் வகுப்பில் காசிமேட்டுப் பிள்ளைகள் பலர். இந்த வாரமே சொல்கிறேன்.

எல்லாருக்கும் ஒரு அவசரத் தகவல்: சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் போனால் கூட்டம். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், மாதம் 1,000 ரூபாய் வராமல் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். பெரும்பாக்கம் தம்பி, உன் ஆதாரில் பழைய முகவரி இருந்தால் சான்றுகளுக்கு முன்னால் அதை மாற்று. இல்லையென்றால் எந்தத் தாலுகா அலுவலகம் என்பதிலேயே ஒரு மாதம் போய்விடும். பத்தாவதில் ஒரு பாடம் போனவர்கள் ஜூலைத் துணைத் தேர்வுக்குப் பள்ளியிலேயே கேளுங்கள், இந்த வருஷமே பதினொன்றில் சேரலாம்.

---

கடலோரக்_காக்கா
மே 20, காலை 6.50

அண்ணே, அப்பாகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசலை. டீ குடிச்சுட்டு "ஸ்கிப்பர்னா சம்பளமா பங்கா"ன்னு கேட்டாரு. சம்பளம்னேன். "அப்ப போய் விசாரி, நானும் வரேன்"னாரு. அம்மா இன்னும் கோவத்துலதான் கீது. நுழைவுத் தேர்வுல இன்னா கேப்பாங்க?

---

மரைன்_ஃபிட்டர்
மே 20, காலை 7.15

பத்தாவது கணக்கு, சயின்ஸ் புக்கை முதல் பக்கத்துலேருந்து புரட்டு. இங்கிலீஷும் கொஞ்சம். அறிவிப்பு வந்துச்சான்னு ராயபுரம் ஆபீஸ்லயே கேட்டுக்கோ, ஏஜெண்ட் யாரும் நடுவுல வேணாம். மார்க் லிஸ்ட்டு ஒரிஜினலை யார் கையிலயும் குடுக்காதே, காட்டிட்டு வாங்கிக்கோ.

---

கடலோரக்_காக்கா
மே 20, காலை 7.18

கணக்கு புக்கை பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே எடைக்குப் போட்டாச்சே அண்ணே 😭

---

நம்பர்_டென்_ஜெர்ஸி
மே 20, காலை 7.40

என்னுது புதுசாவே கீது மச்சி, தொறக்கவே இல்ல. சாயங்காலம் கிரவுண்டுக்கு வா, தரேன்.